புரட்டாசியில் பினாங்குச் சேறு

12 அக்டோபர் 2024, சனி – ஜார்ஜ் டவுன்

புரட்டாசி சனிக்கிழமை, போதாததற்கு விஜயதசமி. இந்த நாளில் பினாங்குக்கு வண்டி ஏறுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நாசி கண்டார் இல்லை, அசாம் லக்சா இல்லை, மீ கோரெங்கில் ஒரு முட்டைகூட இல்லை. ஆனால் நான் சாப்பிடப் போகவில்லை, மண் சுமக்கப் போனேன்.

அக்கா மகள் கடல் நிலவியலில் மேற்படிப்பு படிக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் இன்னும் பாப்பாதான். பழைய சுனாமிகளின் தடம் தேடிக் கரையோரச் சேற்றில் குழாய் இறக்கி மண் எடுக்க வேண்டும், கூட வருவதாக இருந்த தோழிக்கு டெங்கிக் காய்ச்சல். "மாமா, நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்று ஒரு போன். காலாண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு நாலு நாள் லீவு போட்ட கணக்கர் சும்மா இருப்பதாகத்தான் இந்தக் குடும்பத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி, ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்). பழைய பெரிய பெர்ரிகளில் காரோடு ஏறி, இறங்காமலே அக்கரை போன காலம் முடிந்துவிட்டது. இப்போது ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். உள்ளே குளிர்சாதனம், கண்ணாடி ஜன்னல். கடல் காற்று வேண்டுமென்றால் வாசல் பக்கம் முண்டியடிக்க வேண்டும். தண்ணீர் எப்போதும்போல் தே தாரிக் டீ நிறம். "அடியில முழுக்கச் சேறு மாமா. இருபதாயிரம் வருஷத்துக்கு முந்தி கடல் 120 மீட்டர் கீழ இருந்துச்சு. இங்கேருந்து சுமத்திராவுக்கு நடந்தே போயிருக்கலாம்," என்றாள் பாப்பா. பனியுகம் முடிந்து பனி உருகிய பிறகுதான் மலாக்கா நீரிணை என்று ஒன்று வந்ததாம். அதனால் இந்தக் கரையில் கடல் எழுதிய கணக்கு சில ஆயிரம் ஆண்டுகளுக்குத்தான் இருக்கும். அதற்கு முந்தியது காட்டின் கணக்கு.

லிட்டல் இந்தியாவில் மகா மாரியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். 1833இல் கட்டிய கோயில். கையில் சுண்டல் தொன்னையோடு கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு, முன்பின் தெரியாத ஒரு பாட்டி மேலும் ஒரு தொன்னையை நீட்டி, அவர்கள் காசு எடுப்பதற்குள் கையைத் தட்டிவிட்டார். அந்தத் தட்டல் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

அப்புறம் சூலியா வீதி. அங்கே நாகூர் தர்கா இருக்கிறது, 1800களின் தொடக்கத்தில் இங்கே வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி இந்த ஊரில்தான் இறங்கினார். இறங்கியதும் முதல் வேலையாக இந்த வாசலில் நின்று கும்பிட்டாராம். கடலில் போகிறவர்களைக் காப்பாற்றுகிற ஆண்டவர் என்று நாகையில் எந்த மதத்தாருக்கும் நம்பிக்கை.

அங்கே நின்றபோதுதான் பாப்பா ஒரு கணக்குப் போட்டாள். 2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 8.58க்குச் சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது. அந்த இடம் பினாங்கிலிருந்து நேர்கோட்டில் 600 கிலோமீட்டர்கூட இல்லை. நாகப்பட்டினம் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தூரம். ஆனால் அலை நாகைக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் இரண்டரை மணி நேரத்தில், பினாங்குக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். எனக்கு முதலில் இது உள்ளே இறங்கவில்லை. சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது என்றாள். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், விமானத்தோடு போட்டி போடும். அறுபது மீட்டர் ஆழத்தில் 90கூட வராது, நெடுஞ்சாலையில் போகிற லாரி அளவுதான். வங்காள விரிகுடா ஆழம். நமக்கோ அலை சுமத்திராவின் வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டு ஆழமில்லாத நீரிணைக்குள் நுழைய வேண்டும். அதோடு பிளவும் ஒரே இடத்தில் நிற்காமல் வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது, அதனால் நாகைக்கு அலை கிளம்பிய இடமும் கிட்டே வந்துவிட்டது.

நான்கு மணி நேரம் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு இந்துமாக்கடலுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது.

ராத்திரி சாப்பாட்டுக் கடையில் பழ ரோஜாக் கேட்டேன். பழம்தானே. கடைக்காரச் சீன அம்மா என் நெற்றி விபூதியைப் பார்த்தார், கரண்டியைக் கீழே வைத்தார், குழம்பில் இறால் விழுது இருக்கிறது என்று மலாயில் சொன்னார். பிறகு அவரே வெள்ளரி, மாங்காய், அன்னாசி எல்லாம் வெறுமனே நறுக்கி, சீனியும் மிளகாய்த் தூளும் தூவிக் கொடுத்தார். ஐந்து வெள்ளி. குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. எதிரே பாப்பா இறால் விழுதோடு முழுத் தட்டை முடித்துக்கொண்டிருந்தாள். புரட்டாசியெல்லாம் அவளுக்கு அம்மா முன்னால் மட்டும்தான்.

13 அக்டோபர், ஞாயிறு – தெலுக் பஹாங்

பத்து ஃபெரிங்கி வழியாகப் பேருந்து. வழியெல்லாம் ஹோட்டல், ஹோட்டலுக்கு நடுவில் துண்டு துண்டாகக் கடல். தெலுக் பஹாங்கில் இறங்கிப் பசியாறினோம். சிங்கமுகக் காளியம்மன் கோயில் இருக்கிற ஊர் இது. தோசைக்கடை அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். பாப்பா தோளில் இருந்த நீளமான இரும்புக் குழாயைப் பார்த்து, "மீன் பிடிக்கவாம்மா?" என்று கேட்டார். சுனாமி மண் தேட என்று பாப்பா சொன்னதும் தோசைக்கல்லில் தீயைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை. ஜனம் ஜேஜேன்னு இருந்துச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு மேல தண்ணி உள்ள போச்சு. பிள்ளைங்க மீன் பொறுக்க ஓடுச்சு. எங்க வீட்டுக்காரரு என்னமோ சரியில்லன்னு கத்துனாரு, யாரு கேக்குறா?"

தண்ணீர் ஏன் முதலில் உள்வாங்கியது என்று நான் பாப்பாவைக் கேட்டேன். நிலத்தட்டு முறிந்தபோது பிளவின் மேற்குப் பக்கம் கடல்தரை மேலே எழும்பியது, கிழக்குப் பக்கம் கீழே இறங்கியது. கிழக்கே இருக்கிற தாய்லாந்துக்கும் நமக்கும் முதலில் வந்தது பள்ளம், மேற்கே நாகைக்கு முதலில் வந்தது மேடு. அவர்களுக்கு அந்தச் சில நிமிட அறிகுறிகூடக் கிடைக்கவில்லை. மலேசியாவில் அன்று இறந்தவர்கள் 68 பேர், அதில் 52 பேர் பினாங்கில். பெரும்பாலும் கடற்கரைக்குப் பொழுதுபோக்க வந்தவர்கள். சுமத்திரா குறுக்கே படுத்துத் தடுத்ததால்தான் இந்த எண்ணிக்கையோடு போயிற்று.

பாப்பா தோசைக்கடை அக்காவிடம் கேட்ட கேள்வி எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. வீட்டுக்குள் எவ்வளவு கனத்துக்குச் சேறு வந்தது என்று கேட்டாள். அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் படுக்க வைத்துக் காட்டினார். கறுப்பாக, நாற்றமாக, ஒரு வாரம் போகவில்லையாம்.

"இப்ப எங்கயாச்சும் இருக்குமா ஆண்டி, அந்தச் சேறு?"

"நல்லா கேட்ட போ. கழுவாம வெச்சிருப்பாங்களா?"

இந்தப் பயணத்தில் கேட்ட பெரிய பெரிய அறிவியல் விளக்கங்களைவிட இந்த ஒரு பதில்தான் எனக்கு விஷயத்தைப் புரிய வைத்தது. அலை எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறது. மனிதர்கள் கழுவுகிறோம், கூட்டுகிறோம், மேலே மண் கொட்டிச் சாலை போடுகிறோம். கர்னி டிரைவ் பக்கம் கடலையே தூர்த்துப் பூங்கா கட்டியாயிற்று, அங்கே போய் 2004ஐத் தேட முடியுமா? தோசை ஒன்று இரண்டு வெள்ளி. அக்கா கடைசி இரண்டு தோசைக்குக் காசு வாங்கவில்லை.

பிற்பகல் தேசியப் பூங்காவுக்குள் நடந்து பந்தாய் கெராச்சுட் போனோம். மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மேடு, வேர், வழுக்கல். காற்று ஒரு பொட்டு இல்லை. என் சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும். அங்கே ஒரு ஏரி உண்டு, மேலே மலையிலிருந்து வருகிற நல்ல தண்ணீர், அடியில் கடலிலிருந்து வருகிற உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். அறிவிப்புப் பலகையில் இதைப் படித்ததும் நான் உற்சாகமாகி, அடியில் காற்றே போகாவிட்டால் புழு பூச்சி இருக்காதே, சேறு கலையாதே, இங்கேயே தோண்டலாமே என்றேன். பாப்பா சிரித்தாள். "யோசனை சரிதான் மாமா, ஏரிதான் சரியில்ல. இது மழை இல்லாத மாசத்துல வத்திப் போயிடும். வத்துனா நண்டு, பன்னி, மனுஷன் எல்லாம் எறங்கிக் கலக்கிடும்." ஆழமான, மூச்சுக்காற்றில்லாத ஏரிகளில் நான் சொன்ன மாதிரி ஆண்டுக்கு ஆண்டு கோடு போட்டதுபோல் வண்டல் தங்குமாம். அதோடு பூங்காவுக்குள் தோண்ட அவளிடம் அனுமதியும் இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு குரங்கு என் பையைத் திறந்து, வாழைப்பழத்தை விட்டுவிட்டு, வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போயிற்று. திரும்பி நடக்கத் தெம்பில்லை. படகுக்காரர் 70 வெள்ளி கேட்டார், முகத்தைப் பார்த்தே விலை சொல்லியிருக்கிறார். கொடுத்தேன்.

14 அக்டோபர், திங்கள் – பூலாவ் பெத்தோங்

தீவின் மேற்குப் பக்கம், பாலிக் பூலாவ் தாண்டி. இங்கே கம்பம், அதாவது கிராமம், இன்னும் கம்பமாகத்தான் இருக்கிறது. மீனவர் துறை, சதுப்புக் காடு, அதற்குப் பின்னால் தோட்டம். 2004இல் இந்தக் கரையும் அடி வாங்கியது. பாப்பாவின் பேராசிரியர் ஏற்கெனவே பேசி வைத்திருந்த நிலத்துக்கார மலாய்ப் பெரியவர் (பாக் சிக் என்றுதான் கூப்பிட்டோம்) வாசலிலேயே காத்திருந்தார், தலையில் துண்டு, கையில் பாராங்கத்தி. தென்னந்தோப்புக்கும் சதுப்புக் காட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். யாரும் எதுவும் நடாத, எப்போதும் ஈரமாகவே கிடக்கிற இடம். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று அவர் மலாயில் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் இந்த மாதிரிப் பள்ளம்தான் வேண்டும். காரணத்தைப் பாப்பா குழாயை இறக்கிக்கொண்டே சொன்னாள். தாய்லாந்தில் பிரா தோங் என்று ஒரு தீவு, 2004இல் அலை நன்றாக ஏறிய இடம். அங்கே பழைய மணல் மேடுகளுக்கு நடுவில் புல் மண்டிய ஈரப் பள்ளங்கள். வருஷா வருஷம் மக்கிய இலை தழை அதில் கறுப்பாகப் படிந்துகொண்டே இருக்கும். அந்தக் கறுப்பு மண்ணை வெட்டிப் பார்த்தவர்களுக்கு 2004இன் வெள்ளை மணலுக்குக் கீழே இன்னொரு வெள்ளை மணல், அதற்கும் கீழே மேலும் இரண்டு. முதலில் கிடைத்ததன் வயது சுமார் 550 முதல் 700 ஆண்டு. கடல் தாண்டிச் சுமத்திராவின் அச்சே மாநிலத்தில் மெலாபோ பக்கம் தோண்டிய வேறொரு குழுவுக்கும் 1290க்கும் 1400க்கும் இடைப்பட்ட ஒரு மணல் கிடைத்தது. இரண்டு ஆய்வும் 2008இல் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. அதாவது 2004 முதல் தடவை இல்லை. கடைசியாக வந்தது யாருடைய நினைவிலும் நிற்காத அளவுக்குப் பழையது, அவ்வளவுதான்.

குழாய் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மீட்டர் நீளத்தில் நெடுக்காகப் பாதி வெட்டிய இரும்புக் குழாய், மேலே குறுக்காக ஒரு பிடி. இரண்டு பேர் தொங்கி உள்ளே அழுத்த வேண்டும், ஒரு திருகு திருகி மேலே இழுக்க வேண்டும். இறங்குவது சுலபம். ஏறுவதற்குச் சேறு சம்மதிக்காது. இரண்டாவது மீட்டரில் அது சிக்கிக்கொண்டது. பாப்பா இழுத்தாள், நான் இழுத்தேன், இருவரும் சேர்ந்து இழுத்தோம். என் வலது கால் முழங்கால் வரை போய், செருப்பு அடியிலேயே தங்கிவிட்டது. (ஆயிரம் வருஷம் கழித்து யாராவது தோண்டினால், 2024இல் இங்கே நாற்பத்திரண்டாம் எண் ரப்பர் செருப்புக் காலம் ஒன்று இருந்தது என்று எழுதுவார்கள்.) பாக் சிக் பேசாமல் போய் ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து, பிடிக்கு அடியில் நெம்புகோலாகக் கொடுத்து, தோளை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். பக்கென்று வந்தது.

முட்டை அழுகிய நாற்றம். காற்றுப் போகாத சேற்றுக்கு இதுதான் அடையாளம், நாற்றம் அதிகமானால் பாப்பாவுக்குச் சந்தோஷம் அதிகம். கத்தியால் மேல்பூச்சைச் சீவினாள். சாம்பல் கலந்த கறுப்புச் சேறு, நடுநடுவே சிவந்த வேர்த் துண்டுகள். ஒரு துளியை எடுத்து வாயில் வைத்து முன்பற்களால் கடித்தாள். நான் பதறிப்போனேன். "களிமண்ணுன்னா வழவழன்னு இருக்கும். வண்டல்னா பல்லுல நறநறங்கும். விரலால இது தெரியாது மாமா." இதில் ஃபொராமினிஃபெரா என்கிற கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் இருக்கலாம் என்றும் சொன்னாள். புரட்டாசியில் அதைக் கடிக்கலாமா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

ஏறக்குறைய 1.1 மீட்டர் ஆழத்தில் அது இருந்தது. கறுப்புக்கு நடுவில் வெளிர் பழுப்பாக ஒரு பட்டை, இரண்டு விரல் கனம். தோசைக்கடை அக்கா காட்டிய அதே அளவு. கிட்டே குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் திடீரென்று தொடங்குகிறது. அடியில் பருமணல், மேலே போகப் போகச் சன்னம். மணலுக்குள் சிறு கறுப்புச் சேற்று உருண்டை ஒன்று. அலை வேகமாக வந்து கீழ்மண்ணைப் பிய்த்துக்கொண்டு போனால் இப்படி உருண்டை மாட்டும், வேகம் குறையும்போது கனமான மணல் முதலில் விழும், சன்னமானது பிறகு விழும். எல்லாம் அவள் ஏற்கெனவே எனக்குச் சொன்னதுதான். "கிடைச்சிருச்சு!" என்று கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. நோட்டில் ஆழத்தை எழுதினாள், அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். "மணல் கிடைச்சிருக்கு. சுனாமின்னு யார் சொன்னா?"

அதற்குப் பிறகு அரை மணி நேரம் எனக்கு வகுப்பு. நானும் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளுகிறவன், பில் இல்லாத வவுச்சரைக் கண்டால் எனக்கு வருகிற சந்தேகம் இவளுக்கு மணலைக் கண்டால் வருகிறது. புயல் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் புயல் அலை மணிக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கும், மெல்லிய கோடுகள் நிறைய விழும், கரையிலிருந்து ரொம்பத் தூரம் உள்ளே போகாது. மலைவெள்ளம் கொண்டுவந்திருக்கலாம். அப்படியென்றால் கடலில் வாழும் டயாட்டம் என்கிற நுண்பாசி இருக்காது, நன்னீர் டயாட்டம்தான் இருக்கும். ஓடை வழி மாறியிருக்கலாம். பாக் சிக்கின் தாத்தா வரப்புக்கு மணல் கொட்டியிருக்கலாம். நண்டு வளை தோண்டி மேல்மணலைக் கீழே இழுத்திருக்கலாம். இத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகும் மணல் மிச்சம் நின்றால், அதே ஆழத்தில் பத்து இடத்தில் கிடைத்தால், உள்நாட்டுப் பக்கம் போகப் போக மெலிந்துகொண்டே போனால், அப்போது வாயைத் திறக்கலாம். அன்று நாங்கள் வேறு மூன்று இடத்தில் இறக்கினோம். ஒன்றில் பட்டை இருந்தது. இரண்டில் இல்லை.

இன்னொன்றும் சொன்னாள், அது எனக்குப் புதிது. நம் வெப்பமண்டலம் இந்தச் சாட்சியை வேகமாகத் தின்றுவிடும். தாய்லாந்துக் கரையில் 2004 மணலையே ஆண்டுக்கு ஆண்டு போய்ப் பார்த்திருக்கிறார்கள். பத்து சென்டிமீட்டருக்குக் குறைவான படலங்கள் சில ஆண்டுகளிலேயே வேரும் மழையும் நண்டுமாகச் சேர்ந்து மண்ணோடு கலந்துவிட்டன, சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிட்டன. கண்ணால் பார்த்த அலைக்கே இந்தக் கதி.

திரும்பும்போது வாடகைக் காரை அழைத்தோம். வந்த ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி எங்கள் கால்களைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பாக் சிக் தன் தேங்காய் லாரியில் பாலிக் பூலாவ் வரை கொண்டுவந்து விட்டார். அவருடைய மனைவி வாழை இலையில் மடித்துப் புலுட் இந்தி கொடுத்தனுப்பினார், கறுப்புப் புட்டரிசிக்கு நடுவில் தேங்காய்ப்பூவும் வெல்லமும். சைவம்தான், நான்கை நானே முடித்தேன். பாப்பா அந்த ஊர் லக்சாவுக்கு ஒரு கடையில் நின்றுவிட்டாள், கிண்ணம் ஆறு வெள்ளி. வாசனையை மட்டும் எனக்கு விட்டாள்.

15 அக்டோபர், செவ்வாய் – மழை

விடியற்காலை ஆரம்பித்த மழை மதியம் வரை நிற்கவில்லை. அக்டோபரில் பினாங்குக்கு வந்தால் இப்படித்தான். வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர், ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) உணவுக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தானாக வீதியைக் கடந்துகொண்டிருந்தது. மண்குழாய்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேல், கீழ் என்று எழுதிக் குளியலறையில் படுக்க வைத்திருக்கிறோம். துப்புரவுக்கு வந்த அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

அறையில் வேறு வேலையில்லாமல் ஆழ்கடல் கதை கேட்டேன். கரை மண்ணை மனிதன் கலைக்கிறான், நண்டு கலைக்கிறது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில்? அங்கே தானாக எதுவும் நடக்காது, வருஷக்கணக்கில் தூசி மாதிரி சன்னமான வண்டல் இறங்கிக்கொண்டிருக்கும். நிலம் பலமாக அதிர்ந்தால் கடலடிச் சரிவில் இருக்கிற சேறு பெயர்ந்து, தண்ணீரோடு கலந்து, கனத்த கலங்கலாகப் பள்ளத்தை நோக்கி ஓடும். ஓட்டம் நின்றதும் அடியில் பருமணல், மேலே சன்னமணல். டர்பிடைட் என்பார்கள். அடுத்த அதிர்வு வரும்வரை அதன்மேல் அமைதியான சேறு.

இது ஓடுகிறது என்று எப்படித் தெரிந்தது? தந்திக் கம்பியால். 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடியில் தந்திக் கம்பி போட்டார்கள். இந்தத் தீபகற்பத்துக் காட்டு மரத்தின் பாலான கட்டாபெர்ச்சாதான் அன்றைக்கு உலகத்தின் கடலடிக் கம்பிகளுக்கெல்லாம் உறை. ஆனால் விஷயத்தைச் சொன்னது நம் கம்பி இல்லை, நடந்தது கனடா பக்கம். 1929 நவம்பர் 18இல் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே ரிக்டர் 7.2 அளவில் ஒரு நடுக்கம். பக்கத்தில் இருந்த கம்பிகள் அப்போதே அறுந்தன, சரி. ஆனால் தள்ளி, ஆழத்தில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துகொண்டே போயின, கடைசிக் கம்பி அறுந்தபோது 13 மணி நேரம் ஆகியிருந்தது. மொத்தம் 12 கம்பிகள். தந்தி நின்றால் நின்ற நிமிடம் பதிவாகிவிடும் அல்லவா? 1952இல் ஹீசன், யூயிங் என்ற இருவர் அந்த நிமிடங்களை எடுத்துக் கணக்குப் பார்த்து, ஏதோ ஒன்று சரிவில் இறங்கி ஓடியிருக்கிறது என்றார்கள். கணக்கரின் வேலை. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஆனால் ஆழ்கடலிலும் அதே சந்தேகம் உண்டு. ஆற்று வெள்ளமும் புயலும்கூடக் கலங்கலை ஓட விடும். இதற்கு அமெரிக்காவின் மேற்குக் கரையில், காஸ்கேடியா என்கிற பகுதியில், அழகான ஒரு சோதனை இருக்கிறது. 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை கக்கிய சாம்பல் அங்கே கடலடியில் கிடக்கிறது. அதற்கு மேல் ஒரு கடலடி வாய்க்காலில் 13 டர்பிடைட், வேறொரு வாய்க்காலிலும் 13. இரண்டும் ஒன்றுசேர்ந்த பிறகு? வெவ்வேறு நாளில் சரிந்திருந்தால் 26 இருக்க வேண்டும். அங்கேயும் 13தான். அப்படியானால் தூரதூரமாக இருந்த இரண்டு சரிவும் ஒவ்வொரு தடவையும் ஒரே சமயத்தில் பெயர்ந்திருக்கின்றன. அதைச் செய்யப் பெரிய நிலநடுக்கத்தால்தான் முடியும். அந்த 13இல் கடைசியானதற்குத் தேதியே தெரியும், 1700 ஜனவரி 26. அன்று அமெரிக்கக் கரையில் எழுதி வைக்க யாருமில்லை. நடுக்கம் எதுவும் தெரியாமலே தங்கள் ஊருக்கு வந்த ஒரு அலையை ஜப்பான்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இதை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு, எல்லா வாய்க்காலும் இவ்வளவு ஒழுங்காக இல்லை என்பது அவர்கள் கட்சி.

மதியத்துக்கு மேல் மழை ஓய்ந்ததும் செண்டோல் சாப்பிடப் போனோம். தேங்காய்ப்பால், வெல்லம், புழு மாதிரிப் பச்சை அரிசிமாவுத் துண்டு, ஐஸ். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், வரிசை வீதி முனை வரை. அந்த வரிசையில் கேட்ட கதையை எழுதாமல் விட மனசில்லை. அச்சேவில் கடலோரமாக ஒரு குகை. சுனாமி வந்தால்தான் அலை உள்ளே ஏறும் அளவுக்கு உயரத்தில் வாசல். ஒவ்வொரு தடவையும் மணலை உள்ளே கொட்டிவிட்டுப் போகும். அடுத்தது வரும்வரை வௌவால்கள் தங்கள் எச்சத்தால் அதை மூடிவிடும். மணல், எச்சம், மணல், எச்சம். எண்ணிப் பார்த்தவர்கள் 2017இல் வெளியிட்டது, 7,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்வரை 11 சுனாமி. சராசரி எடுத்து 400, 450 ஆண்டுக்கு ஒன்று என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஏமாந்துபோவோம். ஒரு தடவை 2,000 ஆண்டுக்கு மேல் எதுவுமே வரவில்லை, இன்னொரு தடவை ஒரே நூற்றாண்டுக்குள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. "அடுத்தது எப்போ?" என்று பின்னால் வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பையன் கேட்டான், எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தானோ. பாப்பா உதட்டைப் பிதுக்கினாள். அவனுடைய முறை வந்ததும் எங்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தான்.

எனக்கு ஜப்பான் விஷயம்தான் உறுத்துகிறது. செண்டாய் சமவெளியில் 869ஆம் ஆண்டு அலை கொண்டுவந்த மணல் கடலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே கிடப்பதை 2011 சுனாமிக்கு முன்பே தோண்டிக் காட்டியிருந்தார்கள், கட்டுரையும் எழுதியிருந்தார்கள். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்காரர்கள் சுவரை உயர்த்தவில்லை. சேறு சாட்சி சொன்னது. கேட்கும் இடத்தில் இருந்தவர்கள் கூடுதல் ஆதாரம் கேட்டார்கள்.

16 அக்டோபர், புதன் – கோலாலம்பூர்

ரயிலில் பாதுகாவலர் குழாய்களைக் காட்டி என்ன என்றார். மண் என்றோம். மண்ணா என்றார். மண்தான் என்றோம். முகர்ந்து பார்த்தார், நம்பிவிட்டார்.

ஆய்வுக்கூடம் வெள்ளிக்கிழமைதான் திறப்பார்களாம், அதுவரை குழாய்கள் நான்கு டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மணலுக்கு அடியில் இருக்கிற இலைத் துணுக்கைக் கதிரியக்கக் கார்பன் முறையில் வயது பார்க்க ஒரு மாதிரிக்கே ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும், எதற்குக் கொடுப்பது என்று பேராசிரியர் முடிவு செய்ய வேண்டும். டயாட்டம் எண்ணவே மூன்று மாதம். ஆகவே அந்த இரண்டு விரல் பட்டை சுனாமியா, பாக் சிக்கின் தாத்தாவா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

என் அக்கா புரட்டாசி பிறந்த அன்று ஃபிரிட்ஜில் இருந்த மீன், கறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மஞ்சள் தண்ணீரால் தட்டு தட்டாகக் கழுவி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். இப்போது அதன் நடுத்தட்டில், பால் பாக்கெட்டுக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில், பினாங்குச் சேறு நான்கு குழாய். நாற்றம் கூடத்துக்கு வந்துவிட்டது. பாப்பா குளிக்கப் போயிருக்கிறாள். அக்கா என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.